இடக்கை

பீலில் நவம்பர் என்றால்
ஏரி எழுந்து தெருவுக்கு வந்துவிடும்.
காலையில் சுவிஸ்காரர் தொழுதுவிட்டுப் போன கோயில்
ஒன்றிலிருந்து நாலு வரை எங்களுக்கு வாடகை.
வாங்குகளில் அவர்களின் கோப்பி வாசம் நிற்கும்.
ஹீட்டரை ஷ்டுக்கி ஐயா
எங்களுக்கென்று ஒரு பிடி குறைத்து வைப்பார்.

போன கிழமை போதகர் தவநேசன் போன் எடுத்தார்.
"ஞாயிறு இராப்போசனத்துக்கு
அப்பம் நீர் குடுக்கிறீரா, சுகிர்தா?"
"ஐயா, எனக்கு இடக்கை மட்டும்தான்."
"தெரியும். பதினொரு வருசமாத் தெரியும்.
தட்டை ஆர் பிடிக்கிறதெண்டுதான் யோசிக்கிறன்."

என் வலக்கை முழங்கையோடு நின்றுவிட்டது,
அம்மாவின் வயிற்றிலேயே.
ஷெல்லா என்று கேட்பார்கள்.
இல்லை என்றால்
கொஞ்சம் ஏமாந்துபோவார்கள்.

மிஞ்சிய கைக்குத் தமிழில் உள்ள பெயர்
உங்களுக்குத் தெரியும்.
காசு நீட்டினால், பூ நீட்டினால்,
"சோத்துக்கையால குடு பிள்ளை" என்று தொடங்கி
பாதியில் நாக்கைக் கடிப்பார்கள்.
எனக்குச் சோற்றுக்கையும் அதுதான்,
மற்றக் கையும் அதுதான்.
வலது கொடுப்பதை இடது அறியக்கூடாது என்று
பிரசங்கம் வருகிற நாட்களில்
எனக்கு மட்டும் சிரிப்பு வரும்.
என் இடக்கைக்கு எல்லாம் தெரியும்.

திங்கள் முதல் வெள்ளி வரை மணிக்கூட்டுத் தொழிற்சாலை.
சாமணத்தால் முள்ளை எடுத்து அச்சில் இருத்துவேன்.
தலைமயிர் அளவு பிசகினாலும் சிவப்புப் பெட்டி.
நாளுக்கு நாற்பது ஐம்பது போடுவேன், இரக்கமில்லாமல்.
பிழை என்றால் என்ன என்று எனக்குத் தெரியும்.
அதனால்தான் சொல்கிறேன்:
என்னைப் படைத்தவர்
அந்த மேசையில் வேலை செய்கிறவர் அல்ல.

சூரிச்சில் ஒருமுறை, குணமாக்கும் கூட்டம்.
வலக்கை சூம்பியவனின் கதையை வாசித்து
"கையை நீட்டு மகளே" என்றார் வந்திருந்தவர்.
நீட்டினேன்.
சட்டைக்கை தொங்கியது.
கீபோர்ட்காரப் பெடியன்
ஒரே சுருதியை அமத்திக்கொண்டே இருந்தான்.
"விசுவாசம் காணாது" என்றார்,
மைக்கை நிறுத்தாமல்.

ரயிலில் அந்தக் கதையைத் திரும்ப வாசித்தேன்.
கையை நீட்டு என்பது இரண்டாவது வார்த்தை.
அதற்கு முன்னால் அவர் இன்னொன்று சொல்லியிருக்கிறார்:
எழும்பு, நடுவில் வந்து நில்.
சுவரோரம் இருந்தவனை,
சூம்பிய கையோடேயே,
நடுவில்.
பீல் போனது தெரியாமல்
நொஷாத்தல் வரை போய்விட்டேன்.

நேற்று நடுவில் நின்றேன்.
பதின்மூன்று வயது ஏபேல் தட்டைப் பிடித்தான், கொஞ்சம் சரித்து.
உமக்காகப் பிட்கப்பட்ட சரீரம்,
உமக்காகப் பிட்கப்பட்ட சரீரம்.
பிட்கப்பட்ட என்ற சொல்லில்
எனக்கு நாக்குத் தடக்கவில்லை.

யோகமணி அன்ரி வந்தார். கை ஏந்தினார்.
என் விரல்களைப் பார்த்தார்.
ஏந்திய கை நெஞ்சுக்குப் போனது, கும்பிடுவதுபோல.
பிறகு அடுத்த வரிசைக்கு.
ஏபேல் என்னைப் பார்த்தான்.
"தட்டை நேராப் பிடி" என்றேன்.
ஒரு துண்டு மிஞ்சியது.

பஸ்ஸில் அன்ரி பக்கத்தில் வந்திருந்தார்.
மடியில் மண்டரீன் பை.
ஒன்றை உரித்து, வெள்ளை நாரும் நீக்கி,
"இந்தா, உனக்கு உரிக்கக் கஷ்டம்" என்றார்.
கஷ்டமில்லை. பல்லும் பெருவிரலும் போதும்.
சொல்லவில்லை, வாங்கினேன்.

மடியில் வைத்துப் பிட்டேன்.
பாதியை அவரிடம் நீட்டினேன்.
கண்ணாடிக்கு வெளியே தெரியாத ஏரியைப் பார்த்தபடி
வாங்கி வாயில் போட்டார்.
"விதை கிடக்கு," என்றார். "பாத்துச் சாப்பிடு."